மெயினை எடுத்து விடுங்க

எங்கள் கம்பெனியில் பாதிப் பேருக்கு ஜோதிமணியின் முகம் தெரியாது. என் குரல் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. இரண்டுக்கும் காரணம் அவள்தான்.

ஓசூரில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் கோவிந்தப்பன், குருபரப்பள்ளிக்காரன், ஸ்டோர்ஸில் வேலை. ஜோதிமணி அரக்கோணத்துப் பெண், முப்பத்தெட்டு வயது. டிரெயினிங் பிரிவு என்பது அவள் ஒருத்திதான். வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். தொழிலாளர்கள் செல்போனில் பார்த்துவிட்டுக் கேள்விக்குப் பதில் சொல்கிற பாடங்களைத் தயாரிப்பது அவள் வேலை. எழுதுவது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, பார்க்காதவர்களுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவது எல்லாம் அவள் தலையில்தான். பிரஸ் மெஷின் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்கிற இடம் என்று என் அட்டைப்பெட்டி மூலைக்குப் பதிவு செய்ய வந்தவள், "அண்ணா, உங்க குரல் கணீர்னு இருக்கு, ரெண்டு வரி படிங்களேன்" என்றாள். அன்றைக்கு மாட்டியவன்தான் நான்.

அவள் வருவதற்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பாடம் வந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிஷம். "மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே தூய்மைப்படுத்தும் பணியை மேற்கொள்ளவும்" என்று ஒரு அம்மாள் செய்தி வாசிப்பாள். எங்கள் ஆட்கள் போனை அடுப்பங்கரை ஜன்னலில் ஓடவிட்டுப் பாத்திரம் கழுவுவார்கள். முடிந்ததும் ஏதோ ஒரு பதிலைத் தட்டுவார்கள். நூற்றுக்கு நூறு பேர் படித்ததாகக் கணக்கு மேலே போகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை எங்கள் கம்பெனிக்கு யாரும் சொல்லவில்லை.

ஜோதிமணி அதைத் தூக்கிப் போட்டாள். கிருஷ்ணகிரியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் பத்து நாள் உட்கார்ந்து வந்து, யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தாள். சூளகிரிப் பக்கம் நெட் திக்கும், பஸ்ஸில் பாட்டு அலறும், ஒரு போனுக்குள் நாலு தலை எட்டிப் பார்க்கும். அதனால் ஒரு பாடத்தில் ஒரே விஷயம், நாலு நிமிஷத்துக்கு மேல் கூடாது, கேள்விக்குப் பதிலாக எழுத்து வேண்டாம், படம் போதும் என்று முடிவு செய்தாள். முக்கியமாக, பேசுகிற மாதிரிதான் சொல்ல வேண்டும். இவ்வளவு யோசித்தவளுக்குத்தான் அது நடந்தது. என்ன செய்வது, தலையெழுத்து.

ரோலர் துடைக்கிற பாடம் அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் லைனை நிறுத்தி ரோலர்களைச் சுத்தம் செய்வது வழக்கம். அதைச் செய்கிற அறுபது பேருக்கும் பாடம் கட்டாயம். மூன்று முறை தவறினால் கேட் பாஸ் நிறுத்தம், அது மேனேஜர் சிவராஜ் போட்ட விதி. நான் படித்த வரி இதுதான்: "ரோலர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி மெயினை எடுத்து விடுங்க." ரோலரைத் தொடும் முன் மெயின் எப்படி இருக்க வேண்டும் என்கிற ஏழாவது கேள்வியில் இரண்டு படம். முதல் படத்தில் மெயின் கைப்பிடி மேலே, கரண்ட் ஓடுகிறது. இரண்டாவதில் கைப்பிடி கீழே, கரண்ட் இல்லை.

முதல் நாள் நாற்பத்தொரு பேர் முதல் படத்தைத் தொட்டிருந்தார்கள்.

"நாலு நிமிஷம்கூட கவனிக்க மாட்டேங்கறாங்களே அண்ணா" என்று ஜோதிமணி தலையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் ஐம்பத்தொன்பது பேர் சரி. ஷிப்ட் சூப்பர்வைசர் வாட்ஸப் குரூப்பில் "ஏழுக்கு ரெண்டாவது" என்று போட்டுவிட்டான் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "விடுங்கண்ணா. வியாழக்கிழமை ஆடிட், எத்தனை பேர் தேறினாங்கன்னுதான் பாப்பாங்க. எனக்கு முடியல" என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நானும் விட்டேன்.

மூன்றாம் முறையும் தவறியது ஒரே ஒருத்தி, ரங்கம்மா. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருப்பவள். நிலத்தில் வேலை செய்து வளர்ந்தவள். புதன்கிழமை காலை கேட்டில் பாஸ் வேலை செய்யாமல், வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே நுழைந்து எங்களைத் தேடிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வந்து நின்றாள்.

"குரூப்புல பதில் வந்துச்சேம்மா, பாக்கலியா?" என்று கேட்டேன். எனக்கும் எரிச்சல்தான்.

"பாத்தனுங்க. அது தப்பா போட்டிருக்காங்கன்னு வுட்டுட்டனுங்க. நீங்க பாடத்துல சொன்னது ஒண்ணு, குரூப்புல வந்தது ஒண்ணு. நான் நீங்க சொன்னதத்தானுங்க போட்டேன்."

ஜோதிமணி நிமிர்ந்தாள். "அண்ணன் என்ன சொன்னாரு?"

"மெயின எடுத்து வுடச் சொன்னாருங்க. எங்கூர்ல மோட்டார எடுத்து வுடுன்னா போட்டு வுடறதுதானுங்களே. ரோலரும் ஓடுனாத்தான் தொடைக்க வாட்டமுங்க. துணிய புடிச்சிட்டு நின்னா அது பாட்டுக்கு சுத்தி வரும். அப்படித் தொடைக்கக் கூடாதுன்னு முன்ன திட்டுனாங்க. இப்ப பாடத்துலயே வந்திருச்சேன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்."

ஜோதிமணியின் அப்பா வயரிங் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் மெயினை எடுத்து விடுவது என்றால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வெளியே வைப்பது. அவள் தன் வீட்டுத் தமிழில் எழுதினாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படித்தவன் நான். தினமும் காலையில் குருபரப்பள்ளித் தோட்டத்து மோட்டாரை எடுத்து விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிறவனும் நான்தான். அந்த வரியை ஆறு முறை திருத்தித் திருத்திப் படித்தேன், ஒரு முறைகூட உறைக்கவில்லை. ஓடுகிற ரோலர் துணியை இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

இரண்டு பேரும் சிவராஜிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. முழுதும் கேட்டுவிட்டு, "சரி, ஆடிட் முடியட்டும். அடுத்த வாரம் பாடத்தை மாத்துங்க" என்றார்.

"ஞாயித்துக்கிழமை கிளீனிங் இருக்கு சார்."

"சூப்பர்வைசர வாயால சொல்லச் சொல்றேன். இப்ப போய் ரிப்போர்ட்ல கை வைக்காதீங்க. உங்க ரின்யூவல் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஜோதிமணி மேஜைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். "அதே சூப்பர்வைசர்தானே அண்ணா, 'ஏழுக்கு ரெண்டாவது'ன்னு போட்டது" என்றாள். பிறகு பாடத்தை அழித்தாள். ஐம்பத்தொன்பது பேரின் தேர்ச்சியும் ரங்கம்மாவின் பாஸ் தடையும் அதோடு போயின. திரையில் பூஜ்ஜியம் என்று வந்தது. எனக்குப் பயமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அன்று மத்தியானமும் மறுநாள் காலையும் கேட் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஸ்டோர்ஸில் கிடந்த பழைய மெயின் பெட்டியை வைத்தாள். ஷிப்டுக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி, "மெயினை எடுத்து விடுங்க பார்க்கலாம்" என்றாள். சரியான பதில் சொல்லித் தேறியவர்கள்தான் எல்லோரும். முப்பத்தேழு பேர் கைப்பிடியை மேலே தள்ளினார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாக, "எடுத்து விடறது இல்லீங்க, நிறுத்தறது. கீழ இறக்கணும்" என்று சொல்லிக் கையைப் பிடித்து இறக்கிக் காட்டினாள். கடைசி ஆள் போகும்போது அவளுக்குக் குரலே இல்லை. வெயிலில் நின்று கால் வீங்கியிருந்தது. ரங்கம்மா டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

ஆடிட்டுக்கு வந்தவர் பூஜ்ஜியத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, ஆனாலும் வந்து பார்த்தேன். லைன் நின்றிருந்தது. ரோலரைக் கையால் உருட்டி உருட்டித் துடைத்தார்கள், இடுப்பு வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே.

அடுத்த வாரம் புதுப் பாடம் பதிவானது. நான் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரங்கம்மாவை உட்கார வைத்து, அவள் வாயால் வந்ததை அப்படியே எடுத்தாள் ஜோதிமணி: "கரண்ட்ட நிறுத்துங்க. ரோலர் நின்னுருச்சான்னு பாருங்க. அப்புறமா கை வைங்க." ஒன்றேகால் நிமிஷம். அவள் செய்ததிலேயே நல்ல பாடம் அதுதான் என்பேன்.

மாதக் கடைசியில் ஜோதிமணியின் ஒப்பந்தத்தைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. என்னிடம் வந்து, "கொஞ்ச நாள் தூங்கறேண்ணா" என்று மட்டும் சொன்னாள். அட்டைப்பெட்டியை எண்ணிக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து ரங்கம்மா ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஜோதியக்காவுக்கும் பாஸ நிறுத்திட்டாங்களாமே, நெசமுங்களா?"

"ஆமாம்மா."

"அவங்க எந்தக் கேள்விக்குங்க தப்பா பதில் சொன்னாங்க?"