ஓஸ்மின் செருகிய ஆறு வரி

லா லிமா என்ற ஊரின் வாழைத்தோட்டக் கூலிக் குடும்பத்தில் முதல் பட்டம் ஓஸ்மினுடையது. வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று, பிழைக்க எல்லை தாண்டி வடக்கே போய்க் காணாமல்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் சங்கத்தின் வலைத்தளத்தைக் கவனிக்கப் போனான்.

தளத்தில் பிள்ளைகளின் படங்களை வரிசையாகக் காட்டியது, யாரோ எழுதித் தளத்தில் இணைத்த சின்ன நிரல், ஒரு ப்ளகின். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் 'இவரைப் பார்த்தீர்களா?' என்று கேட்டு, பார்த்தவர்கள் எழுத ஒரு பெட்டி வேண்டும் என்றார்கள் தாய்மார். ப்ளகின் எழுதப் பழகுகிறவனுக்கு வழிகாட்டியின் முதல் பக்கமே சொல்லும்: அடுத்தவர் கோப்பில் கை வைக்காதே, தனி ஃபோல்டர் திற, தனிக் கோப்பு வை, அதன் தலையில் ப்ளகினின் பெயர் எழுது. பட்டம் வாங்கியவனுக்கு அரிச்சுவடியா என்று தாண்டிப் போனான் ஓஸ்மின். அந்தப் பழைய ப்ளகினுக்குள்ளேயே ஆறு வரி செருகினான். வரும் செய்திகளும் அதே ஃபோல்டரில் விழும்படி செய்தான். வேலை செய்தது. தாய்மாரில் ஒருத்தி, டோன்யா என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் எதெல்மிரா, பூரித்துப் போய்ப் பலேயாடா ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்த செய்தி எதையும் போனில் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி உட்கார்ந்த பிறகே வாசிக்க வேண்டும். தன் மகனைப் பற்றிய செய்தியைத் தனியாக இருக்கையில் போனில் கேட்ட ஒருத்தி மறுபடி எழுந்திருக்கவேயில்லை. அதன் பிறகு அவர்களே வைத்தது.

வியாழக்கிழமை ஒரு செய்தி விழுந்தது. எதெல்மிராவின் மகன் நாஹூமை, வடக்கே போகும் வழியிலுள்ள தாபச்சூலா ஊர்ச் சந்தையில் பார்த்ததாக ஒரு பெண் எழுதி, போன் நம்பரும் கொடுத்திருந்தாள். ஓஸ்மின் மூன்று முறை படித்தான். எங்கே போய்விடப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை வாசிப்போம் என்று வாயை மூடிக்கொண்டான்.

ஞாயிறு காலை எல்லோரும் கூடி உட்கார்ந்ததும் கணினியைத் திறந்தான். படங்கள் இருந்தன. பெட்டிகள் இல்லை.

"என்னடி, டாக்டர் கம்ப்யூட்டருக்கு நாடி பிடிச்சுக்கிட்டே இருக்காரு? உசுரு இருக்கா இல்லையா?" என்றாள் அவர்களில் வாயாடியான சேப்பா. தாய்மார் சிரித்தார்கள்.

"யாராச்சும் தளத்துக்குள்ள போனீங்களா?" என்று கேட்டான் ஓஸ்மின்.

"நான்தான் மகனே," என்றாள் எதெல்மிரா. "நேத்து நாஹூம் படத்தை மாத்தப் போனேன். மூலையில செவப்பா ஒரு புள்ளி, புதுப்பிக்கணும்னு. பாவம், நீ மறந்துட்டேன்னு அழுத்தி விட்டேன். தப்பா?"

தப்பு அவளுடையதல்ல. ப்ளகினைப் புதுப்பித்தால் அதன் பழைய ஃபோல்டர் மொத்தமாக அழிந்து, புதியது வந்து உட்காரும். ஆறு வரியோடு செய்திகளும் போயிருந்தன. இணையத்தில் தளத்துக்கு இடம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கெஞ்சினான். பெட்டி வைப்பதற்கு முன்பு எடுத்த நகல்தான் அவர்களிடம் இருந்தது.

"டோன்யா... உங்களுக்கு ஒன்னு வந்திருந்துச்சு." தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"நம்பரு?"

"போச்சு."

"கொஞ்சம்கூட ஞாபகம் இல்லியா?"

"முதல் மூணுதான். அந்த ஊர்ல எல்லா நம்பரும் அப்படித்தான் ஆரம்பிக்கும்."



"வியாழக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"கட்டுப்பாடு இருக்கேன்னு..."

"ஆமா," என்றாள் எதெல்மிரா. "அதுக்குக் கைதூக்குனவதானே நானும்."

அன்றே ஓஸ்மின் தனி ஃபோல்டர் திறந்தான். தனிக் கோப்பு வைத்தான். தலையில் பெயர் எழுதும் இடத்தில் வெகுநேரம் தயங்கி, 'நாஹூம்' என்று எழுதினான். வழிகாட்டி சொன்னபடி, ஒரு குறையில்லாத ப்ளகின். யார் எந்தப் புள்ளியை அழுத்தினாலும் இனி எதுவும் அழியாது.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. மற்றப் பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே எப்போதாவது ஏதாவது செய்தி விழுகிறது. எதெல்மிரா ஒவ்வொரு ஞாயிறும் வந்து, கடைசி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாள்.