தீபாவளிக்கு முன் தோண்டிய கான்

எங்கள் கடைத்தெருவில் எதைச் சொல்லப் போனாலும் முதலில் கேட்பது "நீ எந்தத் தோட்டம்?" என்றுதான். பிறந்த தேயிலைத் தோட்டம், அதன் டிவிஷன், குடியிருந்த லயம் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டால் போதும், ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பால் விடாத பிளேன்டி வரவழைத்துவிடுவார்கள். பிரதேச சபையில் மக்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையில் எனக்குக் கைகொடுத்தது படிப்பல்ல, இந்தக் கேள்விதான். எங்கள் பொறியியலாளர் ஐயா அதை நன்றாகக் கவனித்து வைத்திருந்தார்.

கடைகளுக்கு முன்னால் மழைநீர் ஓடும் கானை உடைத்துப் புதிதாகக் கட்டும் வேலை வந்தது. அவரும் நானும் கடை கடையாக ஏறினோம். அவர் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். புடவைக்கடை அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தீபாவளிக்கு முன்னாடி தோண்டுவாங்களா? அப்படின்னா இப்பவே சொல்லிரு. நான் கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுக்கல."

தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் சனம் இறங்கிவரும். அந்த ஒரு வாரத்து வியாபாரத்தை நம்பித்தான் அவர் கடையே இருந்தது. ஐயாவைக் கேட்டேன். தீபாவளி முடிந்துதான் கை வைப்போம் என்று அடித்துச் சொன்னார்.

"முடிஞ்ச பிறகுதான் அக்கா. தைரியமா எடுங்க," என்றேன். அந்தத் தைரியத்தை நானாகச் சேர்த்தேன்.

அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் காலை பள்ளம் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து நின்றது. மத்தியானத்துக்குள் மழையும் சேர்ந்து தெருவெல்லாம் சேறு. அக்கா கடைக்கும் ரோட்டுக்கும் நடுவே பள்ளம், அதன்மேல் ஒரு பலகை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த சனம் பலகையைப் பார்த்தது, மழையைப் பார்த்தது, ஹட்டன் டவுன் கடைகளுக்கு பஸ் ஏறிப் போய்விட்டது. வாசலில் தொங்கிய கவுன்களிலெல்லாம் சேறு தெறித்திருந்தது.

சபைக்கு ஓடினேன். ஐயா கொஞ்சமும் அசையவில்லை. ஒப்பந்தக்காரரிடம் நாள் குறித்தது நாங்கள் கடைகளுக்குப் போவதற்கு முன்பே என்றார். உண்மையைச் சொல்லியிருந்தால் கடைக்காரர்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்திருப்பார்களாம்.

"அதற்குத்தானே உன்னைக் கூட்டிப் போனேன்? நீ சொன்னால் கேட்கிறார்களே!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

பாராட்டுகிறாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிறந்த லயத்தையும் என்னைப் பெற்றவர்களையும் சொல்லிச் சம்பாதித்த நம்பிக்கையை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த மனுஷன் எடுத்துச் செலவழித்துவிட்டார்.

சாயந்திரம் அந்தப் பலகையில் நடந்து அக்காவிடம் போனேன். எனக்குத் தெரியாது, என்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா கவுன்களைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நீ இல்லாம அந்த ஐயா மட்டும் வந்து சொல்லியிருந்தா நான் சரக்கே எடுத்திருக்க மாட்டேன்."