தம்பியின் தாழ்ந்த வண்டியும் என் வீட்டு வேகத்தடையும்

தம்பி தக்கலைக்குப் பக்கத்தில் இந்த ஊரில், இதே வீட்டில், எனக்கு ஆறு வருடம் பிந்திப் பிறந்தார். உயிரோடு இருந்த நாளெல்லாம் நான் அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிட்டேன். நினைவு மலரில் அப்படி எழுதக் கூடாது என்று போதகர் சொன்னதால் இங்கே மரியாதை கொடுத்திருக்கிறேன். கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை பார்த்தவர். தம்பி பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு தடவை தோற்று, அதன் பிறகு வளைகுடாவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்தார். அப்பாவின் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. குடிக்க மாட்டார். கோபப்பட மாட்டார். என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

திரும்பி வந்தவர், வெல்டிங் தெரிந்த கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து தக்கலையில் பட்டறை போட்டு, மனைவியோடு அங்கேயே குடியிருந்தார். பட்டறை நன்றாகவே நடந்தது. அப்போதுதான் வாழைக்குலை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய சின்ன பிக்கப் வண்டியை வாங்கினார். வாடகைக்கு ஓட்டத்தான் வாங்குகிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் செய்த முதல் வேலை, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டை உருவியது. அடுத்து முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவைத்து, ஒரு சுற்று அறுத்த வேறு ஸ்பிரிங்கை மாட்டினார். வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ரோட்டுக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் நடுவே நாலு விரல் இடம். கதவின் கைப்பிடிகளைக் கழற்றி ஓட்டையை அடைத்தார். திறக்க அடியில் எங்கோ ஒரு கம்பியை இழுக்க வேண்டும். கடைசியில் பழுத்த முந்திரிப்பழத்தின், எங்கள் ஊர்க் கொல்லாம்பழத்தின், நிறத்தில் பெயின்ட் அடித்தார். வெயிலில் பார்த்தால் கண் கூசும்.

"பாரம் ஏத்த முடியாத பாரவண்டி எதுக்குலே ஒனக்கு?" என்று போனில் கேட்டேன்.

"சும்மா பாக்கியதுக்குத்தான்க்கா. அங்க இப்பிடி ஒரு வண்டிக்கு நான் பெயின்ட் அடிச்சேன். அன்னைக்கே நெனச்சேன், நமக்கும் ஒண்ணு வேணும்னு."

அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்த ஒரே பொருள் அதுதான். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

இனி வேகத்தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜங்ஷனிலிருந்து என் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு வளைவு. அங்கே ஒரு மினிபஸ் இடித்து என் வீட்டுக்காரருக்குக் கால் ஒடிந்தது. நான் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மனு எழுதத் தெரியும். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனு பரிசீலனையில் இருந்தது. மூன்றாவது மனுவுக்கு, வளைவை ஒட்டிய என் வீட்டு நடைக்கு முன்னால் வேகத்தடை வந்தது; ஊர்ப் பேச்சில் 'ஹம்பு'. கொஞ்சம் கூடுதல் உயரமாகவே போட்டுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். தம்பியிடம் போனில் இரண்டு தடவை சொன்னேன்.

வண்டி தயாரானதும் தம்பி என்னைப் பார்க்க வந்தார். வண்டியை ஜங்ஷனில் போட்டுவிட்டு நடந்து வந்தார். அதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் போட்டோ எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "தம்பிக்க வண்டி ஆக்ஸில் ஒடிஞ்சு கெடக்காமே?" என்று என்னிடம் விசாரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்குக் காட்டத்தான் அங்கே நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இனி ஜங்ஷன்ல வண்டியப் போட்டுட்டு நடந்து வராதே. வந்தா வண்டியோட வீட்டு முத்தத்துக்கு வா. இல்லேன்னா வரவே வேண்டாம்" என்றேன்.

"சரிக்கா" என்றார்.

அதன்பின் தம்பி வருடத்துக்கு ஒரு தடவைதான் என் வீட்டுக்கு வந்தார். வண்டி ஓடத் தகுதியானது என்று வருடா வருடம் வாங்கும் எஃப்.சி. சான்றுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டுவதற்கு முந்தின நாள் வருவார். முற்றத்தில் வண்டியை நிறுத்துவார். நாற்காலியில் உட்கார்ந்து நாலு முந்திரிக்கொத்து தின்பார். என் வீட்டுக்காரரின் காலை விசாரிப்பார். நான் பிணக்கத்தில் அந்த வண்டியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. என்னை வைத்து அந்த ஆபீஸில் சிபாரிசு பிடிக்க வருகிறார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவர் வாய் திறக்கும் முன்னே நான் முந்திக்கொள்வேன்.

"எனக்கு அங்க ஆரையும் தெரியாது. நான் ஆருகிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

"நான் ஒண்ணும் கேக்கலியேக்கா" என்று சிரிப்பார்.

ஏழு வருடம் இதையே சொன்னேன். ஏழு வருடமும் அவர் இதையே சொல்லிச் சிரித்தார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பட்டறையில் வேலை முடிந்து கை கழுவும்போது தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில், என் வீட்டை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்று தீர்மானித்தோம். மறுநாள் காலையில் கூட்டாளி போன் செய்தார்.

"அக்கா, பெட்டிய அவன் வண்டியிலயே கொண்டு வாறோம். ஆனா ஒங்க நடையில ஹம்பு இருக்குல்லா, வண்டி தட்டும். பழைய பட்டையும் ஸ்பிரிங்கும் மாட்டி உயத்தணும்னா ரெண்டு மணிக்கூர் ஆவும். இல்லேன்னா ஜங்ஷன்ல எறக்கிச் சுமந்துட்டு வரணும்."

"இத்தன வருசம் தட்டாமத்தான முத்தம் வர வந்தான்?"

"அது எஃப்.சி.க்குப் பட்டைய மாட்டியிருக்க சமயம்லா. எஃப்.சி. முடிஞ்சதும் கழத்திருவோம். ஒங்களுக்குத் தெரியாதா? முத்தத்துக்கு வந்தா வா, இல்லேன்னா வராதேன்னு நீங்கதான சொன்னியளாம்?"

"ஹம்பு தடுக்குன்னு அவன் ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நானும் கேட்டேன். 'அக்கா மூணு மனு குடுத்து வாங்கின ஹம்பு, அதப்பத்தி நான் ஒண்ணும் சொல்லப்பிடாது'ன்னுட்டான்."

நான் போனை வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வருடத்தில் ஒரு நாள், என் வாசலுக்கு வருவதற்கென்றே அந்த நாளைப் பிடித்துவைத்து வந்த மனிதரை, ஏதோ காரியம் சாதிக்க வந்தவரைப் போல நடத்தியிருக்கிறேன். வந்த ஏழு தடவையில் ஒரு தடவைகூட, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை.

பந்தல் போட வந்திருந்த மூன்று பேரைக் கூப்பிட்டு, வேகத்தடையை உடைக்கச் சொன்னேன்.

"அக்கா, அது கவர்மென்ட் ஹம்பு. கேஸாயிரும்" என்றார் ஒருவர்.

"நான் மனு குடுத்து வாங்கினது. நானே சொல்லுதேன், ஒடைங்க."

கடப்பாரை போட்டு உடைத்து, சல்லியை ஓரமாக ஒதுக்கினார்கள். பத்தரை மணிக்கு வண்டி ஜங்ஷன் திரும்பி வந்தது. எங்கும் தட்டாமல் முற்றத்துக்கு வந்து நின்றது. அது தாழ்ந்து இருக்கும் கோலத்தில் நான் நேராகப் பார்த்தது அன்றுதான். அழகாக இருந்தது. அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.

துக்கத்தில் பங்கெடுத்த உறவினர்களுக்கும், ஜெபித்துப் பாடிய சபையாருக்கும், ராத்திரி முழுதும் தம்பி மனைவியோடு கூட இருந்த பெண்களுக்கும், பட்டறைக் கூட்டாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடப்பாரை பிடித்த மூவருக்கும் நன்றி. அவர்கள் பெயரை இங்கே அச்சிடுவது அவர்களுக்கு நல்லதல்ல. உடைக்கச் சொன்னது நான்தான் என்பதை மட்டும் எழுத்தில் தருகிறேன்.

வண்டி இப்போது என் முற்றத்தில்தான் நிற்கிறது. மினிபஸ்கள் பழையபடி பறக்கின்றன. வேகத்தடை மறுபடியும் வேண்டும் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள்; வேண்டியதுதான். மனு எழுத என்னிடமே வந்தார்கள். எழுதும் முன் முற்றத்தில் முழங்காலிட்டு, வண்டிக்கு அடியில் கை வைத்து அளந்து பார்த்தேன். என் கை அளவுக்கும் நாலு விரல் இடம்தான் இருந்தது. நாலாவது மனுவில் உயரம் மூன்று விரலுக்கு மிகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.