ஒரே ஒரு நட்சத்திரம்

நான் நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கும்போதுதான் எங்கள் கல்லூரிக்கு டிஜிட்டல் பேட்ஜ் வந்தது. மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று துறைக்கு ஒருவராக நான்கு பேர் ஒரு குழு. மருத்துவ முகாம்களில் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு, போனில் ஒருவருக்கொருவர் ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை போட வேண்டும். சராசரி நன்றாக இருந்தால் ‘குழுப்பணித் திறன்’ என்று எழுதிய நீல வட்டம் ஒன்று மின்னஞ்சலில் வரும். வேலை தேடும்போது அதற்குத் தனி மதிப்பு என்றார்கள். காக்களூர் தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டுகிறவரின் மகளான எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

எங்கள் குழுவின் பார்மசி மாணவி என் தோழி. மணவாள நகரில் எங்களுக்கு அடுத்த தெரு. கல்லூரி பஸ்ஸில் தினமும் என் பக்கத்து சீட். தலைவர் மருத்துவ மாணவர், எங்களுக்கு சீனியர்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் முகாம். இடுப்பு வலி என்று ஒரு தொழிலாளி வந்தார். சீனியர் வலி மாத்திரை எழுதினார். சீட்டை வாங்கிய தோழி, அவரிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அண்ணா, இவருக்கு ஹார்ட்டுல ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர போட்டுக்கினு இருக்காரு. இதையும் குடுத்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியும்.”

“பேஷன்ட் முன்னாடி இப்படியா பேசுவீங்க? டீம்னா என்னன்னு தெரியுமா?”

அவள் சீட்டோடு நேராக முகாம் டாக்டரிடம் போனாள். அவர் படித்துப் பார்த்து, மாத்திரையை அடித்துவிட்டு வேறு எழுதினார். சீனியரின் முகம் சிவந்துபோனது.

திரும்பும்போது பஸ்ஸில் என் போனுக்குச் செய்தி வந்தது. அவளை விட்டுவிட்டு எங்கள் மூவருக்கும் மட்டும் சீனியர் புதிதாக ஒரு குரூப் தொடங்கியிருந்தார். ‘அவங்களுக்கு எல்லாரும் ஒண்ணு போடுங்க. உங்களுக்கு நான் அஞ்சு போடறேன்.’ பிசியோதெரபி பையன் கட்டைவிரல் படம் போட்டான்.

தோழி பக்கத்தில்தான் இருந்தாள். “அந்தாளுக்கு எங்கப்பா வயசுடி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ‘உம்’ கொட்டியபடி போனைச் சாய்த்துப் பிடித்து, ஒரு நட்சத்திரத்தை அழுத்தினேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு ஆவரேஜ் ஒண்ணு வந்துகீது.”

“யாருடி அப்படிப் போட்டது?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“மூணு பேரும் ஒண்ணு போட்டாதான்டி ஒண்ணு வரும்.”

நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கிட்ட சொல்லியிருந்தா, போட்டுக்கோன்னு நானே சொல்லியிருப்பேன். பக்கத்துல குந்திக்கினே போட்ட பாரு, அதான் பேஜாரா கீது.”

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மறுநாள் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். படிப்பு முடியும்வரை அங்கேதான். மன்னிப்புக் கேட்கப் பல தடவை எழுந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அவள் சீட்வரை போனதில்லை. இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனை பார்மசியில் இருக்கிறாளாம். அவளுடைய அம்மா சொல்லித் தெரியும்.

எனக்கு பேட்ஜ் வந்தது. வேலைக்கு எடுத்தவர்கள் அந்த லிங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

போன மாதம் என் வார்டில் ஒரு டாக்டர் ஊசி மருந்தின் அளவைத் தப்பாக எழுதினார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் மூன்றடி தள்ளித்தான் நின்றார். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் பார்மசிக்கு போன் போட்டேன். சந்தேகம் அவர்களுக்கே வந்ததுபோல டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அவர் அளவைத் திருத்தினார். இந்த வருட மதிப்பீட்டில், எல்லோரோடும் ஒத்துப்போகிறவள் என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.