அந்த ஐப்பசியில் வந்த நெஞ்சு நடுக்கம்

தொண்ணூறுகளின் இறுதியில், ஓர் ஐப்பசி மாதம். பாபநாசத்தில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரே பொதுச்சுவர். கூடத்தில் அந்தச் சுவரை ஒட்டிய சாய்வு நாற்காலியில், மாலைக் காப்பிக்குப் பின் சாய்ந்திருப்பது என் வழக்கம். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் ஒழுங்குகளை யாருக்காகவும் மாற்றிக்கொண்டவனல்லன்.

ஒரு மாலை, சாய்ந்த சற்று நேரத்தில் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ அதிர்ந்தது. வலியில்லை. விலா எலும்புகளுக்குள் ஒரு லாரி உறுமிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. எழுந்து வாசல்வரை நடந்தேன், நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. சாய்ந்தால் வருகிறது, நடந்தால் போகிறது. என் தந்தையார் இப்படி ஒரு நாற்காலியில்தான் இதயம் நின்று இறந்தார்.

தையில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தகப்பன் இதய நோயாளி என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? நான் போய்விட்டால் திருமணமே தள்ளிப்போகுமே? உள்ளூர் மருத்துவரிடம் போனால் பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்த்து வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறினேன்.

இ.சி.ஜி. பார்த்த மருத்துவர், "ஒண்ணுமே இல்லீங்க சார். கல்யாணக் கவலையா இருக்கும்" என்றார். அது என்னை மேலும் அச்சுறுத்தியது. கருவிக்கே பிடிபடாத நோய் என்றல்லவா அதற்குப் பொருள்?

அன்று மாலை நல்ல மழை. கதவு சன்னல்களை அடைத்திருந்தோம். மனைவி சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் அமர்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்ததும் நடுக்கம் வந்தது, முன்னெப்போதையும்விடப் பலமாக. முடிந்தது என்றெண்ணி அவள் தோளைப் பற்றினேன்.

"நெஞ்சு நடுங்குது."

அவள் முகம் வெளுத்தது. "உங்களுக்குமாங்க? எனக்கும் கொஞ்ச நாளா இருக்கு. கல்யாணம் முடியட்டும்னுதான் வாயத் தெறக்கல."

இருவரும் ஒருசேரப் போய்விட்டால் எங்கள் பெண்ணுக்கு யார்? பிறகுதான் அறிவு விழித்தது. இரண்டு நெஞ்சுகள் ஒரே கணத்தில் எப்படி நடுங்கும்? சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சுவர் நடுங்கியது. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வீட்டுக்காரர் துபாயிலிருந்து அண்மையில் திரும்பிய இஸ்லாமியர். அவர் கூடத்தில், பொதுச்சுவரின் மூலையில் ஒரு கறுப்பு ஒலிபெருக்கிப் பெட்டி.

"சப்வூஃபர் சார்! எல்லாரும் வாட்ஸ் பாத்து வாங்குவாங்க. நான் ஹெர்ட்ஸ் பாத்து வாங்கினேன். இருபத்தஞ்சு வரைக்கும் இறங்கும்!" என்று பெருமையோடு விளக்கினார். வாட்ஸ் மின்திறனைத்தான் சொல்லும். நொடிக்கு எத்தனை அதிர்வு, அதாவது எத்தனை ஹெர்ட்ஸ்வரை இறங்குகிறது என்பதே பேஸ் என்னும் அடித்தொனியின் ஆழம். அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காதைவிட உடம்புதான் உணரும். பாட்டையும் பேச்சையும் தடுக்கும் செங்கல் சுவர் அதைத் தடுப்பதில்லை. மூலையில் வைத்தால் இன்னும் பெருகும். அறையில் ஓரிடத்தில் ஓங்கி, சற்றுத் தள்ளினால் அடங்கிவிடும். ஓங்கிய இடத்தில் என் நாற்காலி கிடந்திருக்கிறது.

வந்த காரணத்தைச் சொன்னேன். "அல்லாஹ்! எங்க வாப்பா வயசு சார் உங்களுக்கு" என்று பதறிப்போனார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "சமையக்கட்டுல தட்டு ஆடுதுன்னு அப்பவே சொன்னேன். 'அதான் புள்ள பேஸு'ன்னாங்க!"

பெட்டியை எதிர்ப்பக்கம் மாற்றி, தடித்த ரப்பர் மேல் வைத்து, ஒலியைக் குறைத்தார். "பாட்டு ஓடட்டும், போய் உக்காந்து பாருங்க சார்" என்றார். அந்த நாற்காலியை நோக்கி நடந்தபோதுதான் அச்சம் உச்சத்துக்குப் போனது. இப்போதும் வந்தால் அது என்னுடையதேதான். சாய்ந்தேன். மனைவி சுவரில் சாய்ந்தாள். வெகுநேரம் காத்திருந்தோம். மழைச் சத்தம் மட்டுமே கேட்டது.

தையில் திருமணம் குறையின்றி நடந்தது. ஆனால் ஒரே சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரே மரண பயத்தை இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்து வாழ்ந்த அந்த மாலைகளை நினைத்தால், எந்தப் பெட்டியின் உதவியும் இல்லாமல் இன்றும் என் நெஞ்சு ஒருகணம் நடுங்கத்தான் செய்கிறது.