சூட்டு முள் இறங்கியபோது

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், கலசப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். வயது இருபத்தாறு. ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய கார் உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால், போவதற்கு முன் பத்து நாளில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். சேலை கட்டிய பெண் கார் ஓட்டுவதைப் பார்க்கச் சந்தைக்கு வந்த ஜனமெல்லாம் கூடி நின்றது தனிக் கதை.

ஸ்டீயரிங் பிடிப்பதைவிட எனக்குக் குழப்பமாக இருந்தது டாஷ்போர்டுதான். இப்போதைய வண்டிகளில் ஏதாவது கெட்டால் சிவப்பு விளக்கு எரிகிறது. அப்போது விளக்கெல்லாம் கிடையாது. வட்ட வட்டமாகக் கண்ணாடி, உள்ளே முள். அவ்வளவுதான்.

"நர்சம்மா, இன்ஜினுக்குள்ள பூந்து பாக்க முடியாது. அதுக்கு ஒடம்பு எப்பிடி கீதுன்னு இந்த முள்ளுங்கதான் சொல்லும்" என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று எண்ணெய் முள். உள்ளே எண்ணெய் எவ்வளவு வேகமாகத் தள்ளப்படுகிறது என்று சொல்லும். அது நடுவில் நிற்க வேண்டும். அடுத்தது சூட்டு முள். இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குள் ஒரு சின்னக் குமிழை மூழ்க வைத்திருப்பார்கள். தண்ணீர் சுடச் சுட முள் ஏறும். மூன்றாவது கரண்டு முள். வண்டி ஓடும்போது பாட்டரிக்கு மின்சாரம் ஏறினால் கூட்டல் பக்கம் சாயும், பாட்டரியிலிருந்து செலவானால் கழித்தல் பக்கம். பெட்ரோல் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. டாங்குக்குள் மூங்கில் குச்சி விட்டுத்தான் பார்ப்போம்.

நான் இதையெல்லாம் வார்டில் படுக்கைக்குப் படுக்கை தொங்கும் காய்ச்சல் அட்டையைப் போல மனப்பாடம் செய்தேன். சூடு ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது. கரண்டு முள் விளக்குக்கு உண்டானது, பகலில் அதைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரியை அவர் சொன்னாரா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஐப்பசி மாதம். ஒருநாள் காலை எட்டு மணி இருக்கும். மலையிலிருந்து ஒருவர் குறுக்குப் பாதையில் ஓடியே இறங்கி வந்து வாசலில் நின்றார். அவர் மனைவிக்கு இடுப்பு வலி கண்டு இரண்டு நாளாகிறது. குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருக்கிறது. எங்கள் டாக்டரம்மா அப்போது ஒரு விவசாயியின் அழுகிய காலை எடுத்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் அறைக் கதவருகே நின்று விஷயத்தைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காமலே, "போய்க் கூட்டிட்டு வா. நீ அங்க எதுவும் செய்யாதே, கூட்டிட்டு வந்துடு" என்றார்.

மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட மண் ரோடு ஒன்று மலைமேல் போகும். அந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதில் ஏறினேன். முதலில் ஒரு கணவாய் வரை ஏற்றம். பிறகு அந்தப் பக்கம் இறங்கினால் கிண்ணம் போன்ற பள்ளத்தில் அவர்கள் ஊர். கார் நல்லபடியாகவே போனது. முட்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

அந்தப் பெண் மிகவும் களைத்திருந்தாள். வயிற்றில் மரக்குழலை வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு கேட்டது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தாயின் நாடியே காதில் விழுகிறதோ என்று சந்தேகம். நேரம் கடத்தாமல் அவளைத் தூளிக் கம்பில் தூக்கி வந்து பின் ஸீட்டில் கிடத்தினோம். அவளுடைய நாத்தனார் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். மோட்டார் வண்டியைத் தொட்டதே அன்றுதான் முதல் தடவை. புருஷன் முன்னால் ஏறிக்கொண்டார். தூளிக் கயிற்றையும் சுருட்டிக் காலடியில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது கணவாய் வரை செங்குத்தான ஏற்றம். மழை விட்டு மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பாதி ஏறியிருப்போம், முன்னால் 'சளார்' என்று ஒரு சத்தம். ஏதோ கிளை அடித்தது என்று நினைத்தேன். கரண்டு முள் மட்டும் கழித்தல் பக்கம் சாய்ந்தது. பகல்தானே, விளக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. ஏற்றம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது. நிறுத்தலாமா? பின்னால் அந்தப் பெண் முனகும் சத்தம். இன்னும் அரை மைல்தான், கணவாயைத் தாண்டினால் இறக்கம், தானாகக் குளிர்ந்துவிடும் என்று அழுத்தினேன். காருக்கு முன்னால் ஆவி வந்ததோ என்னவோ, மஞ்சோடு மஞ்சாகப் போயிருக்க வேண்டும். என் கண்ணுக்குப் படவில்லை.

பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. சூட்டு முள் தயங்கித் தயங்கி இறங்கியது. சிவப்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அதற்கும் கீழே. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டே சொன்னேன். எண்ணெய் முள்ளும் கூடவே இறங்கியது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க முடியவில்லை. எல்லாம் இறங்குகிறது, வண்டி சாந்தமாகிவிட்டது என்றுதான் பட்டது. ஆனால் சாந்தமான வண்டி ஏன் இப்படித் திணறுகிறது? ஏன் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கிறது?

பக்கத்தில் இருந்தவர் இரண்டு கால்களையும் தூக்கி ஸீட்டின்மேல் வைத்துக்கொண்டார். "அம்மா, காலு வைக்க முடில. கொதிக்குது" என்றார்.

"இல்லைங்க, குளிர்ந்துடுச்சு. இதோ பாருங்க" என்று முள்ளைக் காட்டினேன். பாவம், அவர் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தூக்கிய காலை மட்டும் இறக்கவில்லை.

பின்னாலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "தண்ணி வத்துன சட்டி வாசன வருது, நர்சம்மா. அடுப்புல எதனா வச்சிக்கினு கீறீங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. கார் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்ற எரிச்சல். இன்னும் ஒரு பர்லாங்கு ஓட்டினேன். எண்ணெய் முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வண்டி ஒரு உதறு உதறி, கணவாய்க்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது.

பானெட்டைத் திறந்தேன். முகத்தில் அடித்த அனலில் இமை முடி கருகிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். வண்டிக்குள் ஓடிப் போய் மறுபடி முள்ளைப் பார்த்தேன். குளிர்ச்சி என்றது. வெளியே வந்தால் அனல். எதை நம்புவது? இரண்டு மூன்று தடவை இப்படி முன்னும் பின்னும் ஓடினேன். நடுரோட்டில் பைத்தியம் போல் இருந்திருப்பேன்.

ஆவி எதுவும் வரவில்லை, உள்ளே தண்ணீர் இல்லை என்பது மட்டும் புரிந்தது. புருஷன் பக்கத்து ஓடைக்குப் போய்ச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு வந்தார். முள் குளிர்ச்சி என்கிறதே என்ற தைரியத்தில், துணியால் இன்ஜின் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தேன். குடுக்கையைச் சாய்க்கப் போனபோது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். நாத்தனார். எப்போது இறங்கி வந்தாள் என்றே தெரியவில்லை.

"இன்னா பண்றீங்க? காஞ்ச சட்டில பச்சத்தண்ணி ஊத்துவாங்களா? வெடிச்சிடும்" என்றாள்.

"இது இரும்பும்மா" என்றேன்.

"இரும்புச் சட்டியும்தான் வெடிக்கும். எங்க வூட்ல வெடிச்சிகீது."

அவள் விரலை நனைத்து இன்ஜின்மேல் நாலு சொட்டுத் தெறித்தாள். 'சுர்ர்' என்று பொங்கி மறைந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் என் புத்தி மெல்ல வேலை செய்தது. சூட்டு முள்ளின் குமிழ் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீரே போய்விட்டால் அது வெறும் காற்றில் தொங்குகிறது. முள் இறங்கியது குளிர்ந்ததால் அல்ல, அளக்க ஒன்றும் மிச்சமில்லாததால். நாலு நாள் அனலாய்க் காய்ந்த நோயாளிக்கு உடம்பு திடீரென்று சில்லிட்டால் நாங்கள் சந்தோஷப்படுவோமா? நாடியைப் பிடித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிட ஓடுவோம். வார்டில் எனக்குத் தெரிந்தது வண்டியில் தெரியவில்லை.

காத்திருந்தோம். அவள் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் வந்து சொட்டுத் தெறித்துப் பார்ப்பாள்; உதட்டைப் பிதுக்கிவிட்டு அண்ணியிடம் போய்விடுவாள். நான் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாடி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் மெலிந்து. மரக்குழலை மறுபடி வைத்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் புருஷன் இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்து, "இங்க ஒரு தோலு அறுந்து தொங்குதே" என்றார். அது பெல்ட். காற்றாடியையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது அதுதான். மின்சாரம் உண்டாக்கும் டைனமோவைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான்! அறுந்த நிமிடமே கரண்டு முள் விழுந்திருக்கிறது. தண்ணீர் கொதிக்கப் போகிறது என்று விளக்குக்கு உண்டான முள் முதலிலேயே சொல்லியிருக்கிறது. நான்தான் அது வேறு சமாசாரம் என்று இருந்துவிட்டேன்.

சொட்டு பொங்காமல் வழிந்து ஓடியதும் அவள் தலையசைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். உள்ளே போய் முள்ளைப் பார்த்தால், பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது மேலே ஏறுகிறது! என்னடா இது என்று மறுபடி தலை சுற்றியது. பிறகு புரிந்தது. குமிழ் மறுபடி தண்ணீரில் மூழ்கிவிட்டது. இப்போதுதான் அது நிஜத்தைச் சொல்கிறது.

புருஷன் தூளிக் கயிற்றின் நாரைப் பிரித்து, இரட்டையாக முறுக்கி, பெல்ட் இருந்த இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தேன், எண்ணெய் இருந்தது. சூட்டில் தண்ணீராக இளகிப்போனதால்தான் அந்த முள் படுத்திருக்கிறது. ஹாண்டில் போட்டுச் சுற்றினோம். நாலாவது சுற்றில் வண்டி உயிர் பெற்றது. கணவாயைத் தாண்டி இறக்கத்தில் இரண்டு தடவை நிறுத்தி, கயிற்றை இறுக்கித் தண்ணீர் ஊற்றி, ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம்.

டாக்டரம்மா மயக்க மருந்து கொடுத்துக் குழந்தையைத் திருப்பி எடுத்தார். தாய் பிழைத்தாள். குழந்தை அழவில்லை.

அன்று சாயங்காலம் நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். சிவப்புக்கோட்டைத் தாண்டி ஓட்டியது, அவர்கள் சொல்லியும் கேட்காதது, எல்லாம். அவர் கை கழுவிக்கொண்டே, "குழந்தை நேத்து ராத்திரியே போயிருக்கும். நீ சீக்கிரம் வந்திருந்தாலும் இதுதான்" என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா, எனக்குத் தெரியாது. மலைமேல் மரக்குழலில் கேட்டது எந்தத் துடிப்பு என்றும் தெரியாது.

பத்து நாள் கழித்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். நாத்தனாரிடம் போய், "நீங்க சொன்னப்பவே நான் நிறுத்தியிருக்கணும், மன்னிச்சுக்குங்க" என்றேன். அவள் மூட்டையைக் கட்டி முடித்த பிறகு, "எனக்கும் இன்னா தெரியும், நர்சம்மா? வாசன வந்திச்சி, சொன்னேன்" என்றாள். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தாய் மறுபடி கர்ப்பமாகி, மாதம் நிறைவதற்கு முன்பே, நாத்தனாரோடு மலையிலிருந்து நடந்து இறங்கி வந்தாள். கார் அனுப்பட்டுமா என்று கேட்டு ஆள் விட்டதற்கு, வாணாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெண் குழந்தை பிறந்தது. வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் எத்தனையோ அட்டைகளில் எத்தனையோ எண்களை எழுதியிருக்கிறேன். ஒருமுறை கூட, எழுதிய எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, படுக்கையில் இருப்பவர் "என்னமோ சரியில்ல" என்று சொன்னதைத் தள்ளிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போக என் கால் எழுந்ததில்லை.