சாவிக்காரி நிறுத்திய ராட்டினம்

சாவிக்காரி என்ற பெயரை முதன்முதலில் என் தங்கை வாயால்தான் கேட்டேன். தன் மகன் கட்டிக்கொண்ட பெண்ணைப் பற்றி போனில் பொரிந்து தள்ளினாள். "கல்யாணத்தன்னைக்கும் கழுத்துல சாவியத் தொங்கவிட்டுட்டு நிக்கிறாக்கா! கேட்டா ராட்டினத்துச் சாவியாம். ஊரே அவள சாவிக்காரின்னுதான் கூப்பிடுதாம்."

வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் கடற்கரையில் அந்த ராட்சத ராட்டினத்தை ஓட்டுகிற மூன்று பேரில் அவள் ஒருத்தி. ஒரு பெட்டியில் ஆள் ஏற்றினால், அடுத்து அதற்கு நேரெதிர்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஒரே பக்கம் கனத்தால் சக்கரம் பிரேக்குக்கு அடங்காமல் பின்னால் உருண்டுவிடும்.

ஒரு விடுமுறை நாளில் முதலாளியின் சம்பந்தி வீட்டார் முப்பது பேர் வந்தார்கள். படம் எடுக்க எல்லாரும் அடுத்தடுத்த பெட்டியில்தான் உட்காருவார்களாம். மூன்று பெட்டி நிறைந்ததும் அவள் சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "சுத்தும்மா! நீ என்ன இன்ஜினியரா?"

"இன்ஜினியர் வரைஞ்சு குடுத்துட்டுப் போயிட்டாரு சார். கீழ நிக்கிறது நான். எதிர்ப்பக்கம் ஆள ஏத்துங்க, சுத்துறேன்."

"வேலை போயிடும், பாத்துக்க."

"போகட்டும். சாவி வராது."

பெட்டியில் இருந்த சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இப்படியே சுத்தினா என்ன ஆகும்?"

"முன்னால போக வேண்டிய நீங்க பின்னால வருவீங்கம்மா. வேகமா."

"ஐயோ, எனக்குப் படமே வேணாம், இடுப்பு இருந்தாப் போதும்! அந்தப் பொண்ணு சொல்றபடி ஏத்துங்கப்பா."

வரிசையில் நின்றவர்களை எதிர்ப்பக்கம் ஏற்றிய பிறகே ராட்டினம் சுற்றியது.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று மறுநாள் சொல்லிவிட்டார்கள். "நாலு வரி எழுதினா கை தேஞ்சா போயிடும்?" என்று என் தங்கை கெஞ்சினாள். மருமகள் ஒரே வரி எழுதினாள்: 'மூன்று பெட்டி வரை பொறுத்ததற்கு மன்னிக்கவும், இரண்டாவதிலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.'

அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராட்டினம் ஓட்டும் மற்ற இருவரும், அவள் வராமல் நாங்களும் தொடமாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது நாள் ராட்டினம் அசையவில்லை. பத்தாம் நாள் மேனேஜரே என் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார்.

இப்போதும் அவள் அந்த ராட்டினத்தின் அடியில்தான் நிற்கிறாள், சாவி கழுத்தில்.